ஹன்ட்ஸ்வில்லா, சாட்டனூகாவா? ரெண்டு ஊர்லயும் குப்பை கொட்டினவ சொல்றேன்

சொந்தக்காரத் தம்பி ஒருத்தனுக்கு ஒரே வாரத்துல ரெண்டு ஆஃபர் வந்துருக்கு. ஒண்ணு அலபாமால ஹன்ட்ஸ்வில், இன்னொண்ணு டென்னசில சாட்டனூகா. சம்பளம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். "அக்கா, நீங்க ரெண்டுலயும் இருந்துருக்கீங்கள்ல, எது பெட்டர்?"னு ஒத்த வரில கேட்டுட்டு போயிட்டான். அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப ஆரம்பிச்சு அது பதினோரு நிமிஷம் ஓடிருச்சு, சரி இதுக்கு எழுதியே போட்டுரலாம், வேற யாருக்காச்சும் கூட உபயோகப்படும்னு உக்காந்துட்டேன்.

எங்க கதை என்னன்னா, வீட்டுக்காரருக்கு கார் பார்ட்ஸ் கம்பெனில வேலை. ஹன்ட்ஸ்வில்ல மஸ்டா டொயோட்டா ஃபேக்டரி 2021ல ஓட ஆரம்பிச்சப்ப அதை நம்பி வந்த கம்பெனிகள்ல ஒண்ணுல அவர் சேந்தாரு, ஹன்ட்ஸ்வில்ல ஒட்டுன மேடிசன்ல குடியிருந்தோம். அப்புறம் அங்கேர்ந்து சாட்டனூகா, அங்க ஃபோக்ஸ்வேகன் ஃபேக்டரி 2011லேர்ந்தே இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நூறு மைல்தான். எங்கம்மாட்ட ஊர் பேரைச் சொன்னப்ப "சாத்தனூரா? அணை இருக்குமே"ன்னாங்க. இல்லம்மா சாட்டனூகான்னேன். வந்து பாத்தா இங்கயும் ஊர் எல்லைல பெரிய அணை இருக்கு, சிக்கமாகா அணைன்னு பேரு. அம்மாதான் ஜெயிச்சாங்க.

என் தீர்ப்பை முதல்லயே சொல்லிடறேன். ஹன்ட்ஸ்வில் வீட்டுக்குள்ள இருக்க நல்ல ஊர், சாட்டனூகா வீட்டை விட்டு வெளிய வர நல்ல ஊர். இதுல உனக்கு எது வேணும்ங்கறதுதான் கேள்வி, மிச்சமெல்லாம் கணக்கு.

வேலை

இதை சீக்கிரம் முடிச்சுடறேன். ஹன்ட்ஸ்வில்லுக்கு ராக்கெட் சிட்டின்னு பேரு, நாசாவோட மார்ஷல் சென்டர் 1960லேர்ந்து அங்கதான் இருக்கு, நிலாவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டை டிசைன் பண்ணது அங்கதான், 565 ஹைவேல போனா அதோட மாடல் 363 அடிக்கு நெட்டுக்குத்தா நிக்கறது தூரத்துலேர்ந்தே தெரியும். ஊர்ல யாரைப் பாத்தாலும் இன்ஜினியர். ஆனா நம்மாளுங்களுக்கு இதுல ஒரு சிக்கல், அந்த வேலைல பெரும்பாலானது ராணுவம், நாசா சம்பந்தப்பட்டது, செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது ரகசிய வேலை பாக்க அரசாங்க அனுமதி வேணும், கிளியரன்ஸுக்கு சிட்டிசன்ஷிப் வேணும், கிரீன் கார்டு கூட பத்தாது. எச்1பில இருக்கற நீ இப்ப வர்ற வேலையை விட்டா அடுத்தது தேட அங்க கதவு கம்மி. சாட்டனூகால இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோட தலைமை ஆபீஸ் ரெண்டு பெருசா இருக்கு, ப்ளூகிராஸும் யூனமும், ஐடி வேலை அங்க கிடைக்கும், பத்தலைன்னா ரெண்டு மணி நேரத்துல அட்லான்டா. அதனால விசா கண்ணோட்டத்துல சாட்டனூகாதான், யோசிக்கவே வேணாம்.

காசு

இங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க. "டென்னசில சம்பளத்துக்கு ஸ்டேட் டாக்ஸே கிடையாது"ன்னு கேட்டதும் வாயப் பொளந்துட்டு ஓடி வருவாங்க. உண்மைதான், கிடையாது, அலபாமால 5 சதவீதம் வரைக்கும் போகும். ஆனா வீடு வாங்கினா கணக்கு திரும்பும். அலபாமால நீ குடியிருக்கற சொந்த வீட்டுக்கு அதோட மதிப்புல 10 சதவீதத்துக்குதான் வரி போடுவாங்க, டென்னசில 25 சதவீதத்துக்கு, அதுலயும் சாட்டனூகா சிட்டிக்குள்ள இருந்தா கவுன்ட்டிக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு பில், சிட்டிக்கு ஒரு பில். கடைல சாமான் வாங்கினா ரெண்டு ஊர்லயும் கிட்டத்தட்ட சமம், அங்க 9 இங்க 9.25 சதவீதம். அரிசி பருப்புக்கு மட்டும் கொஞ்சம் சலுகை இருக்கு.

அலபாமா வீட்டு வரில நாங்க ஒரு முட்டாள்தனம் பண்ணோம். வீடு வாங்கினதும் கவுன்ட்டி ஆபீஸ்ல போயி "இது நான் குடியிருக்கற வீடு"ன்னு ஹோம்ஸ்டெட் ஃபார்ம் எழுதிக் குடுக்கணும், குடுக்கலைன்னா வாடகைக்கு விட்ட வீடு மாதிரி 20 சதவீதத்துக்கு வரி. தானா ஆகிடும்னு நெனச்சுட்டோம். அக்டோபர்ல பில்லைப் பாத்துட்டு இவரு கால்குலேட்டரை எடுத்து மூணு தடவ போட்டுப் பாத்தாரு, மூணு தடவையும் ரெட்டிப்புதான் வந்துச்சு. அந்த ஆபீஸ்ல இருந்த அம்மா "ப்ளெஸ் யுவர் ஹார்ட்"னாங்க. நான் ஆசீர்வாதம் பண்றாங்கன்னு சந்தோஷப்பட்டேன். அது "ஐயோ பாவம், இப்படி வெவரமில்லாம இருக்கியே"ன்னு அர்த்தம்னு ஆறு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது.

இன்னொரு கூத்து, அலபாமால கார் டேக், அதான் நம்பர் பிளேட் பதிவு, புதுப்பிக்கற மாசம் உன் கடைசிப் பேரோட முதல் எழுத்தை வெச்சு வரும். எங்க மாமனார் பேரு எஸ்ல ஆரம்பிக்கும், அதனால செப்டம்பர். நமக்குதான் ஃபர்ஸ்ட் நேம் லாஸ்ட் நேம்னாலே குழப்பமாச்சே, லைசென்ஸ்ல ஒண்ணு பாஸ்போர்ட்ல ஒண்ணுன்னு இருந்தா எந்த மாசம்னு நீயே சீட்டுப் போட்டு பாத்துக்கோ.

வெளிய போறது, வர்றது

இதைப் பத்திதான் நிறைய சொல்லணும், ஏன்னா தினசரி வாழ்க்கைன்னா இதுதான். ஹன்ட்ஸ்வில் ஜனத்தொகை 2020 கணக்குப்படி 2 லட்சத்து 15 ஆயிரம். பரப்பளவு எவ்ளோன்னு நெனக்கற? நம்ம சென்னை கார்ப்பரேஷனை விட பெருசு. சென்னைய விட பெரிய எடத்துல ரெண்டு லட்சம் பேரை தூவி விட்டா எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கு. பால் வாங்க கார், பார்க்ல நடக்கறதுக்கும் கார். நான் எச்4ல, அதான் எச்1பிகாரரோட பொண்டாட்டிக்குக் குடுக்கற விசால, வந்தப்ப வண்டி ஓட்டத் தெரியாது, காலைல ஏழு மணிக்கு இவரு கராஜ் கதவை மூடிட்டுப் போனார்னா சாயங்காலம் அது தொறக்கற சத்தம் கேக்கற வரைக்கும் நான்தான் அந்த வீட்டுக்கு வாட்ச்மேன். வீடு பெருசு, அழகு, நாலு பெட்ரூம், பின்னாடி புல்வெளி, அதுல ஒரு மனுஷன் நடமாட்டம் கிடையாது. ஒருநா கறிவேப்பிலை தொட்டிய வெளிய வெக்கப் போனவ எதிர்வீட்டு நாய்கிட்ட அஞ்சு நிமிஷம் தமிழ்ல பேசிட்டு இருந்தேன்.

லைசென்ஸ் வாங்கினதுக்கப்புறம் அதே ஊர் வேற மாதிரி ஆயிடுச்சு, அதையும் சொல்லணும். ரோடு அகலம், டிராஃபிக் இப்ப கூடிட்டு வருதுன்னாலும் இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல எங்கயும் போயிடலாம். மேடிசன் ஸ்கூல் நல்லா இருக்கும், அதுக்காகவே நம்மாளுங்க அங்க குவியறாங்க.

சாட்டனூகால 1 லட்சத்து 81 ஆயிரம் பேரு. இங்கயும் கார் இல்லாம முடியாது, நாங்க இருக்கற ஈஸ்ட் பிரெய்னர்ட் பக்கம் நடைபாதையே பாதில நின்னுடும். ஆனா இந்த ஊருக்கு நடுவுன்னு ஒண்ணு இருக்கு. ஆறு ஓடுது, ஆத்தங்கரை ஓரமாவே அணைலேர்ந்து டவுன்டவுன் வரைக்கும் நடக்க, சைக்கிள் ஓட்ட பாதை போட்டு வெச்சுருக்காங்க, டவுன்டவுன்ல காசே வாங்காத எலக்ட்ரிக் ஷட்டில் பஸ் ஓடுது. 1891ல தொறந்த வால்நட் ஸ்ட்ரீட் பாலத்தை வண்டி போகறதுக்கு லாயக்கில்லைன்னு ஆனப்புறம் இடிக்காம 1993ல நடந்து போறவங்களுக்குன்னே விட்டுட்டாங்க. நாங்க வந்த புதுசுல ஒரு சாயங்காலம் அதுல நடந்தோம், கால்மைலுக்கு மேல மரப்பலகை, பலகை சந்துல கீழ தண்ணி தெரியும், எதிர்ல வர்ற ஒவ்வொருத்தரும் "ஹே, ஹவ் ஆர் யால்"னு கேக்கறாங்க, மாமியார் இந்தப் பக்கம் ஒரு கையால என்னைப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையால வர்றவங்க எல்லாருக்கும் வணக்கம் வெச்சுக்கிட்டே வந்தாங்க. மேடிசன்ல நாலு வருஷத்துல பாக்காத அளவு முகத்தை அன்னிக்கு ஒரே நாள்ல பாத்தேன்.

இதே ஊரை 1969ல டிவி நியூஸ்ல அமெரிக்காவுலயே காத்து ரொம்ப அழுக்கான ஊருன்னு சொன்னாங்க, அவ்ளோ ஃபேக்டரி புகை, சுத்தி மலை வேற, புகை வெளிய போகாம அடைஞ்சு கெடக்கும். இப்ப வந்து பாத்தா நம்ப முடியாது.

குறை இல்லாம இல்ல. மலையும் ஆறும் இருக்கறதால ரோடு எல்லாம் இடுக்கு வழியாத்தான் போகணும். ஐ-24ல மிஷனரி ரிட்ஜ் வெட்டுன்னு ஒரு எடம், அங்க ஒரு லாரி மக்கர் பண்ணா அன்னிக்கு ஊரே மக்கர். ஹன்ட்ஸ்வில் மாதிரி எதையும் இருபது நிமிஷம்னு சொல்லி வெக்க முடியாது.

இன்டர்நெட்ல சாட்டனூகாவ அடிச்சுக்க ஆளில்ல. ஊரோட கரண்ட் ஆபீஸே ஃபைபர் போட்டு 2010லயே ஊர் முழுக்க ஒரு கிகாபிட் குடுத்துட்டாங்க. அந்த கரண்ட் ஆபீஸ் பேரு இபிபி. நம்மூர் ஈபிய நெனச்சு சிரிப்பு வரும், ஆனா ஃபோன் பண்ணா எடுக்கறாங்க!

மனுஷங்க

இதுல ரெண்டு ஊரும் அண்ணன் தம்பிதான். ரெண்டு இடத்துலயும் பக்கத்து வீட்டுக்காரங்க கேட்ட ரெண்டாவது கேள்வி "எந்த சர்ச்சுக்குப் போறீங்க?" வம்புக்கு கேக்கறது இல்ல, நம்மூர்ல "எந்த ஊரு, யாரு வீட்டுப் புள்ள"ன்னு கேக்கற மாதிரி. நான் கோயில்னு சொன்னதும் மேடிசன் பாட்டி "நல்லது, எங்கயோ ஒரு இடத்துக்குப் போனா சரி"ன்னாங்க. ஞாயித்துக்கெழமை பதினொண்ணுக்குள்ள மளிகை வாங்கிட்டு வந்துரு, சர்ச் விட்டா கூட்டம் தாங்காது. பொடிசுங்க கூட "யெஸ் மேம், நோ மேம்"னுதான் பேசும்.

ஹன்ட்ஸ்வில்ல ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை, காலேஜ் ஃபுட்பால். ரெண்டு யூனிவர்சிட்டி டீம்ல அலபாமாவா ஆபர்னான்னு கேப்பாங்க, தெரியலைன்னு சொன்னா விட மாட்டாங்க, ஒண்ணு எடுத்தே ஆகணும். இவரு அன்னிக்கு போட்டுருந்த சட்டை கலரைப் பாத்து "ரோல் டைட்"னு ஒருத்தர் கத்தினாரு, இவரு திருப்பிக் கத்தினாரு, அவ்ளோதான், அன்னிலேர்ந்து நாங்க அலபாமா கட்சி. சாட்டனூகா வந்தா இங்க எல்லாம் டென்னசி ஆரஞ்சு, பழைய சட்டைய பீரோ அடில போட்டுட்டோம்.

சாப்பாடு, கோயில்

தெக்கத்தி சாப்பாடு நமக்கு ரொம்பத் தூரம் இல்ல. ரோட்டோரம் அவிச்ச வேர்க்கடலை கிடைக்கும், வெண்டைக்காய் வறுவல் கிடைக்கும், கிரிட்ஸ்னு சோளரவைக் கஞ்சி, புது வருஷம்னா தட்டைப்பயறும் கீரையும். ஆனா சைவம்னா உஷார். ஒரு ஹோட்டல்ல வெஜிடபிள் பிளேட்னு போட்டுருந்துச்சுன்னு மாமியாருக்கு வாங்கிக் குடுத்தோம், கீரைய பாதி சாப்பிட்டுட்டு "இதென்ன நாரா இருக்கு"ன்னாங்க. பன்னிக்கறி. கீரையும் பீன்ஸும் அதுல போட்டுத்தான் வேகவெப்பாங்க, கேட்டுட்டு வாங்கணும். வீட்டுக்கு வந்து அவங்க தலைக்குக் குளிச்சாங்க, எனக்கு ஒரு வாரம் திட்டு.

நம்ம மளிகைக்கு ரெண்டு ஊர்லயும் கடை உண்டு, முருங்கைக்கா நல்லதா வேணும்னா பெரிய ஊருக்குப் போகணும். ஹன்ட்ஸ்வில்காரங்களுக்கு நாஷ்வில், பிள்ளையார் கோயிலும் சேத்து ஒரே டிரிப். சாட்டனூகாவுக்கு அட்லான்டா, ரிவர்டேல் பெருமாள் கோயில், சரவணபவன் தோசைக்கு நிகரா கேக்காதே ஆனா தோசை. ஹன்ட்ஸ்வில்லுக்கே சொந்தமா ஊர் எல்லைல கோயில் இருக்கு, பொங்கல் தீபாவளிக்கு கூட்டம் சேரும், இதுல அங்க ஒரு படி மேல.

காத்து, மழை

மார்ச்லேர்ந்து மே வரைக்கும் டொர்னாடோ. 2011 ஏப்ரல் 27 அன்னிக்கு அலபாமா முழுக்க அடிச்சதுல ஹன்ட்ஸ்வில்ல பல நாள் கரண்ட் இல்லாம இருந்ததை அங்க பழைய ஆளுங்க இன்னும் நேத்து நடந்த மாதிரி சொல்வாங்க. ஜேம்ஸ் ஸ்பான்னு ஒரு வானிலை அறிவிப்பாளர் இருக்காரு, அவரு கோட்டைக் கழட்டிட்டு சட்டை சஸ்பெண்டரோட நின்னாருன்னா நெலமை மோசம்னு அர்த்தம். அந்த மேடிசன் பாட்டி ஃபோன் பண்ணி "கோட்டு போயிடுச்சு"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுருவாங்க, நான் புள்ளைக்கு சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டி மாடிப்படிக்கு அடில இருக்கற அறைல உக்காந்துருவேன். சாட்டனூகால மலை இருக்கு வராதும்பாங்க, நம்பாதே, 2020 ஈஸ்டர் அன்னிக்கு இதே ஈஸ்ட் பிரெய்னர்ட்லதான் அடிச்சுது.

வெயில், புழுக்கம், மஞ்சப்பொடி மாதிரி காரை மூடற பைன் மகரந்தம் எல்லாம் ரெண்டுக்கும் பொது. ஒரு நல்லது, ஜூன்ல இட்லி மாவு தானா பொங்கும்.

சரி, எது?

தம்பி, நீ தனியாளா இருக்க, அடுத்த வருஷம் கல்யாணம், வர்ற பொண்ணு எச்4லதான் வரும், மொத ஒரு வருஷம் அது வண்டி ஓட்டாது. சாட்டனூகாவுக்கு வா. டவுன்டவுன் பக்கமா சின்ன அபார்ட்மென்ட் எடு, வாடகை கொஞ்சம் கூட இருந்தாலும் எடு. புள்ள பொறந்து ஸ்கூல், வீடுன்னு பேச்சு வர்றப்ப மேடிசனைப் பாக்கலாம், அப்பவும் அது அங்கயேதான் இருக்கும்.

எதுக்கும் இந்த சனிக்கிழமை ஹன்ட்ஸ்வில்லைச் சுத்திப் பாத்துட்டு அப்படியே காரை எடுத்துட்டு வா, 72ம் நம்பர் ரோட்ல ஸ்காட்ஸ்போரோ தாண்டி டென்னசிக்குள்ள நொழஞ்சு, ஜார்ஜியாவை லேசா தொட்டுட்டு திரும்ப டென்னசி. நடுவுல ஃபோன்ல மணி தானா ஒரு மணி நேரம் முன்னாடி குதிக்கும், பயந்துடாதே, அங்க சென்ட்ரல் டைம் இங்க ஈஸ்டர்ன். சாப்பாடு எங்க மணிக்கு ஒண்ணு. போன தடவ மாதிரி உங்க மணிக்கு ஒண்ணுன்னு நெனச்சு வந்து நின்னா ரசம்தான் இருக்கும்.