தேயிலை ஸ்டோரில் இருபது மாதப் பிரெஞ்சு

நானுஓயாப் பக்கத்தில் ஒரு தேயிலை ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது என் வேலை. கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயிலில் போகிற பிரெஞ்சுக்காரர்கள் வழியில் இறங்கி எங்களிடம் வருவார்கள். அவர்களோடு நாலு வார்த்தை பேச ஆசைப்பட்டு ஃபோனில் ஒரு மொழிப் பயிற்சிச் செயலியை இறக்கினேன். இருபது மாதமாகிவிட்டது.

முதல் மூன்று மாதம் செயலி நன்றாகவே உதவியது. வணக்கம், நன்றி, விலை எல்லாம் வாயில் வந்தன. இலக்கணம் தொடங்கியதும் தடுமாறினேன். எல்லாவற்றையும் அது ஆங்கிலம் வழியாகவே சொல்லித்தந்தது. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ' என்பதால், 'த்யூ'வுக்கும் 'வூ'வுக்கும் பாடம் பாடமாக விளக்கம். நமக்கு அது நீ, நீங்கள். ஒரு நிமிட வேலை. (அங்கே பிள்ளைகள் அப்பாவையும் 'த்யூ' என்றே பேசுகிறார்கள். அது பழக எனக்கு நாளெடுத்தது.)

அன்றிலிருந்து கொப்பியில் தமிழில் குறிப்பெழுதினேன். 'அவரிடம் இருக்கிறது' என்பது 'இல் அ'. கேள்வியாகத் திருப்பினால் இரண்டு உயிர் மோதும்; அதனால் நடுவில் ஒரு 'த்' வந்து 'அ-தில்' ஆகிவிடும். மணியும் அடித்ததும் சேரும்போது 'ய்' வருகிறதே, அதே உடம்படுமெய்! சாதாரண தரத்துக்குப் படித்த புணர்ச்சி இங்கே கைகொடுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

தமிழ் உதவாத இடமும் உண்டு. நமக்கு மலையும் ரயிலும் அஃறிணை, அவ்வளவுதான். பிரெஞ்சில் மலை பெண்பால், ரயில் ஆண்பால். தேநீர் 'லெ தே', ஆனால் இலை 'லா ஃபேய்'. காரணம் தேடக்கூடாது, 'லெ', 'லா' சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். பெண்பாலைச் சிவப்புப் பேனாவில் எழுதுகிறேன்.

என்னை அதிகம் படுத்தியது தேநீர்தான். தேநீர் பிடிக்கும் என்றால் 'லெ தே'. குடிக்கிறேன் என்றால் 'த்யூ தே' (இந்த 'த்' 'பந்து'வில் வருவது போல மெல்ல ஒலிக்கும்). குடிப்பதில்லை என்றால் 'தெ தே'. செயலி பிழை என்று சிவப்பு காட்டியதே தவிர ஏன் என்று சொல்லவில்லை. சுவை பார்க்கும் மேசையில் ஒரு வயதான அம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்: முதலாவது தேநீர் என்ற பொருள் முழுவதும், இரண்டாவது அதில் கொஞ்சம், மூன்றாவது ஒன்றுமே இல்லை. அப்புறம் நான் தவறியதில்லை.

கேட்டுப் பழக ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி நல்லது. பத்து நிமிடம்தான், எழுத்து வடிவமும் கிடைக்கும். ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம், மனம் தளர்ந்துவிடும். ஆரம்பத்துக்கு டிவி5மோந்தின் இலவசப் பயிற்சிகள் போதும். மழை மாதங்களில் எங்கள் பக்கம் சிக்னல் நிற்காது, நுவரெலியா டவுனிலேயே இறக்கிக்கொள்வேன். கண்டியில் அலியான்ஸ் ஃபிரான்சேஸ் இருக்கிறது. போய்வர ஒரு நாள் போகும் என்பதால் சேரவில்லை.

தினமும் காலையில், ஆள் வருமுன், கொழுந்து வாட்டும் இடத்திலிருந்து நடந்துகொண்டே சத்தமாகச் சொல்வேன்: ஃப்ளேத்ரிசாஜ், ரூலாஜ், ஒக்ஸிதாசியோன், சேஷாஜ். வாட்டல், உருட்டல், நொதித்தல், உலர்த்தல். எனக்குப் பேச்சு வந்தது இந்த நடையில்தான்.

இப்போது இறந்தகாலத்தில் நிற்கிறேன். 'போனேன்' என்பதற்கு அவர்கள் 'இரு' என்ற வினையைத் துணைக்குச் சேர்க்கிறார்கள், நம்முடைய 'போயிருக்கிறேன்' மாதிரி. ஆனால் 'சாப்பிட்டேன்' என்றால் அந்த 'இரு' வராது. 'இரு' சேரும் வினைகள் கொஞ்சம்தான். கொப்பியில் அவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்.