மரபுநடைக்கு இந்தச் சிவப்பு முதலுதவிப் பை போதுமா?

மரபுநடை என்றால் ஊரின் பழைய தெருக்களை நடந்தே சுற்றிக் காட்டுவது. சென்னையில் மயிலாப்பூர் மாடவீதி, ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி என்று இருபது பேரைக் கூட்டிக்கொண்டு அப்படி நடப்பவர்களில் பலர் தோளில் மாட்டியிருப்பது ஒரே வகைப் பைதான். இணையத்தில் 'டிராவல் ஃபர்ஸ்ட் எய்ட் கிட்' என்று தேடினால் முதலில் வந்து நிற்கும், வெள்ளைச் சிலுவை போட்ட சிவப்பு நைலான் பை. பல பெயர்களில் விற்கிறார்கள். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்கு. அதனால் இந்த மதிப்புரை எந்தத் தனி பிராண்டுக்கும் உரியது அல்ல. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பை நல்ல பை. உள்ளே இருப்பதில் பாதியை வெளியே எடுத்துவிட்டுத்தான் நடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

'நூறு பொருள் கொண்டது' என்ற விளம்பரத்தில் மயங்க வேண்டாம். அதில் பெரும்பகுதி பிளாஸ்திரி, ஸ்பிரிட் துடைப்பான், காது குடையும் பஞ்சுக் குச்சி, ஊக்கு. அலுவலகத்தில் காகிதம் கையைக் கிழித்தால் போதுமானவை. நம் தெருக்களில் நடப்பவருக்கு வரும் சங்கடங்கள் வேறு: வெயில், பெயர்ந்து கிடக்கும் நடைபாதைக் கல், நாய், சர்க்கரை இறங்குவது, நெஞ்சுவலி. இந்த ஐந்தில் எதற்கும் இந்தப் பை ஒழுங்காகத் தயாரில்லை.

பையைப் பொறுத்தவரை குறை அதிகம் இல்லை. புத்தகம்போல முழுதாக விரியும் ஜிப், உள்ளே கண்ணாடித் தாள் அறைகள், இடுப்பு வாரில் கோர்க்கப் பின்னால் ஒரு பட்டை. ஒரே கையால் திறக்க முடிகிறதா என்று மட்டும் வாங்கியதும் பாருங்கள். இன்னொரு கை காயத்தை அழுத்திக்கொண்டிருக்கும்.

ரத்தக் காயத்துக்கு உள்ளே இருக்கும் பஞ்சுச் சுருளை முதலில் தூக்கிப் போடுங்கள். காயத்தில் நேரடியாக வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும். 10 செ.மீ. சதுர காஸ் துணிப் பொட்டலங்கள் பத்தும், 100 மி.லி. நார்மல் சலைன் (காயம் கழுவும் உப்புநீர்) பாட்டில் ஒன்றும், 20 மி.லி. ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றும் வையுங்கள். சிரிஞ்சில் சலைனை ஏற்றிப் பீய்ச்சினால் மண், கல்துகள் கழுவிக்கொண்டு போகும். பிறகு காஸை வைத்து பத்து நிமிடம் விடாமல் அழுத்தவும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் கலைந்து மறுபடி ஒழுகும். காஸ் நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்று. சில பைகளில் ஒரு ரப்பர் குழாயைப் போட்டு 'டூர்னிகே' (ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கும் கட்டு) என்று எழுதியிருக்கிறார்கள். அது ரத்தநாளத்தை முழுதாக அடைக்காது, தோலை மட்டும் அறுக்கும். குப்பைக்கு.

கத்தரிக்கோல் பொம்மைக் கத்தரி. ஜீன்ஸ் துணியில் வைத்துப் பாருங்கள், மடங்கும். சர்ஜிக்கல் கடையில் 'ட்ராமா ஷியர்ஸ்' என்று கேட்டால், முனை மழுங்கி வளைந்த ஒன்றைத் தருவார்கள். தோலைக் குத்தாமல் துணியின் அடியில் நுழையும். சுளுக்குக்குச் சுற்றும் இழுபடும் துணிக்கட்டான கிரேப் பேண்டேஜும் அப்படித்தான்: பையில் வருவது 6 செ.மீ. அகலம், மணிக்கட்டுக்குச் சரி. கணுக்காலுக்கு 10 செ.மீ. அகலச் சுருள் இரண்டு வேண்டும். விரல் அடியிலிருந்து மேல் நோக்கிச் சுற்றி, பிறகு கால் விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம். சுளுக்கினவர் நாலு அடிகூட எடுத்து வைக்க முடியாமல் தவித்தாலோ, கணு எலும்பின் பின்பக்கம் தொட்டாலே துடித்தாலோ எக்ஸ்ரே அவசியம். அவரை மெதுவாக நடத்திக் கூட்டி வரலாம் என்ற யோசனையே வேண்டாம், ஆட்டோ பிடியுங்கள்.

இனி வெயில். இந்தப் பை அடியோடு தோற்கும் இடம் இது. உள்ளே தட்டினால் குளிரும் ஒரு 'ஐஸ் பேக்' உண்டு. உப்பு தண்ணீரில் கரையும்போது சுற்றுவட்டச் சூட்டை இழுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. கத்திரி வெயிலில் பையே கொதித்துக்கொண்டிருக்கும்போது அது பெரிதாகக் குளிராது. கால் மணி, இருபது நிமிடத்தில் தீர்ந்தும் விடும். சுளுக்குக்கு வைக்கலாம். வெப்பத் தாக்குக்கு இதை நம்பக் கூடாது.

தலைசுற்றல், தசைப்பிடிப்பு, வாந்தி வருவதுபோல இருந்தாலும் பேச்சு தெளிவாக இருந்தால் அது வெப்பச் சோர்வு. நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுங்கள். பேச்சு குழறுகிறது, ஊர் பேர் மாற்றிச் சொல்கிறார், நடை தள்ளாடுகிறது, உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறது என்றால் அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்பதில்லை; நடந்து வந்தவருக்கு வியர்த்துக்கொண்டேகூட வரும். பையில் உள்ள தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துக் குறைவாகக் காட்டுகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். அக்குள் அளவு உள்சூட்டைச் சரியாகச் சொல்லாது. ஒருவர் 108-ஐ அழைக்கும்போதே இன்னொருவர் குளிர்விக்கத் தொடங்க வேண்டும்: உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுவது, பக்கத்து ஜூஸ் கடை ஐஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டு கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைப்பது. ஆம்புலன்ஸ் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூளை காத்திருக்காது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆகவே பையில் சேர்க்க வேண்டியவை: இரண்டு பருத்தித் துண்டு, மடக்கு விசிறி ஒன்று, கெட்டியான பிளாஸ்டிக் பைகள்.

ஓஆர்எஸ் பொட்டலத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய பொட்டலம், ஏறத்தாழ 21 கிராம், 1 லிட்டருக்கானது. சின்னது, 4 கிராம் சொச்சம், 200 மி.லி.க்கு. அரை லிட்டர் பாட்டிலில் பெரிய பொட்டலத்தைக் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகிவிடும். வாந்தி வருவதோடு தாகமும் கூடும். பெரிய பொட்டலம் மட்டும் வைத்துக்கொண்டு, கடையில் 1 லிட்டர் பாட்டில் வாங்கி முழுதாகக் கலப்பதே குழப்பமில்லாத வழி. ஓஆர்எஸ் போலத் தோன்றும் இனிப்புப் பழச்சாற்று டப்பா வேண்டாம். இளநீரும் ஈடாகாது, அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு.

சர்க்கரை இறங்குவதற்கு இந்தப் பையில் எதுவுமே இல்லை. கோயிலில் நேரமாகி, காலைச் சாப்பாடு தள்ளிப்போய், சர்க்கரை நோய் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு வந்தவருக்கு இது சாதாரணமாக வரும். கை நடுங்கும், குளிர்ந்த வியர்வை வரும், காரணமில்லாமல் எரிந்து விழுவார். விழுங்க முடிகிறவருக்கு 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் பவுடர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. கடலை மிட்டாயோ சர்க்கரைப் பொங்கலோ கொடுத்துக் காத்திருக்காதீர்கள், கொழுப்பு சேர்ந்ததால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அவை பிறகு, தெளிந்த பின்.

நாய்க்கடிக்கு உள்ளே இருப்பது சின்னக் குழாயில் ஆயின்ட்மென்ட். வேண்டியது ஒரு துவைக்கும் சோப்புக் கட்டி! ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவதுதான் வைரஸைக் குறைக்கும் முதல் வேலை. அதன்பின் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. இறுக்கிக் கட்டாதீர்கள், மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் வேண்டவே வேண்டாம். கீறலானாலும் அன்றைக்கே தடுப்பூசி. ரத்தம் வந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் (உடனே வேலை செய்யும் தயார்நிலை எதிர்ப்புப் பொருள்) ஊசியும் கேட்டு வாங்க வேண்டும். வெளிநாட்டார் 'ஊருக்குப் போய்ப் போட்டுக்கொள்கிறேன்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு 'கேஸ்தான் சார்' என்று சோடா வாங்கித் தரும் ஆள் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் உண்டு. அவரிடம் 108-க்குப் போன் போடும் வேலையைக் கொடுத்துவிடுங்கள். நோயாளியை ஒரு அடிகூட நடக்க விடக் கூடாது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக்கசிவுத் தொல்லையோ இல்லை என்றால், 108-இல் பேசுகிறவரைக் கேட்டுக்கொண்டு 300 மி.கி. அளவு மென்று விழுங்கச் சொல்லலாம். மூச்சு நின்றால் மார்பு அழுத்தம்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல் 6-ஐத் தாண்டாமல், இரண்டு நிமிடத்துக்கு ஆள் மாற்றி. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடி வருவார்கள். தடுத்து, தலைக்குக் கீழே துணி வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

எந்த நிறுவனமும் பையில் போட்டுத் தராத ஒரு பொருள், ஒரு தாள். வழியெங்கும் ஆம்புலன்ஸ் நிற்கக்கூடிய இடங்களை வரிசையாக எழுதி லேமினேட் செய்த தாள். ஜார்ஜ் டவுன் சந்துகளில் பட்டப்பகலில் கைவண்டியும் சரக்கு ஆட்டோவும் போக இடம் கிடைக்காது, வண்டி என்.எஸ்.சி. போஸ் சாலையிலேயே நின்றுவிடலாம். ஆகவே '108-க்கு இங்கே வரச் சொல்' என்ற சந்திப்பு முனையும், அதற்கு ஒரு ஆளும் முன்கூட்டியே வேண்டும். தெருவுக்கு இருக்கும் இரண்டு பெயரையும் எழுதுங்கள். ஆர்மீனியன் தெரு என்றால் புரியாதவருக்கு அரண்மனைக்காரன் தெரு என்றால் புரியும். கைபேசிக்குத் தடையுள்ள கோயிலுக்குள் போகிற நாளில் இந்தத் தாள் வாசலில் நிற்கும் துணையாளிடம் இருக்கட்டும்.

தாளின் பின்பக்கம் மருத்துவமனைகள்: ஜார்ஜ் டவுனுக்குச் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயபுரம் பக்கம் ஸ்டான்லி, மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை. வண்டி இடித்த விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் உண்டு: முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவருக்கும் பொருந்தும். மொழி தெரியாத விருந்தினருக்கு 1363 என்ற சுற்றுலா உதவி எண்ணையும் சேர்த்துவிடுங்கள்.

மாற்றுச் சாமான்கள் எல்லாவற்றையும் பார்க் டவுன் பக்கத்துச் சர்ஜிக்கல் மொத்தக் கடைகளில் தனித்தனியாக வாங்கினால் பையின் விலைக்கு மேல் பெரிதாக ஆகாது. வெறும் பை தனியாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள். லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறைக்குப் பதில் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை. சிலருக்கு லேடெக்ஸ் ஒவ்வாது. பையைக் காரின் டேஷ்போர்டில் விடாதீர்கள்: பிளாஸ்திரிப் பசை உருகிக் காகிதத்தோடு ஒட்டும், கையுறை தொட்டால் கிழியும். சென்னை தினமான ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி மெட்ராஸ் வார நடைகள் தொடங்கும் முன்பு எல்லாவற்றையும் வெளியே கொட்டி, காலாவதித் தேதி பார்த்து மாற்றுங்கள். சலைனையும் போவிடோனையும் மறக்காமல் பாருங்கள்.