மாதம் ஒரு ஆரூடம்: ஈஐஏ எண்ணெய்க் கணிப்பை ஏழு வருடம் பயன்படுத்திய அனுபவம்

எனக்கு டெக்சஸில் உள்ள மிட்லண்டில் வேலை. எண்ணெய் ஊர்தான், ஆனால் எங்கள் கம்பெனி அள்ளுவது எண்ணெய் இல்லை, தண்ணீர். எங்களைச் சுற்றியுள்ள பெர்மியன் எண்ணெய்ப் படுகையில் ஒரு பீப்பாய் எண்ணெய் மேலே வந்தால் கூடவே மூன்று, நான்கு பீப்பாய் தண்ணீர் வரும். கடல் தண்ணீரே தேவலை என்கிற அளவுக்கு உப்பு. அதைக் கிணற்றடியில் இருந்து எடுத்துப் போய், பூமிக்குள் திரும்ப இறக்கும் கிணறுகளில் சேர்க்க வேண்டும். அடுத்த வருடத்துக்கு எத்தனை லாரி, எத்தனை டிரைவர், எவ்வளவு பம்பு வாடகை என்று கணக்குப் போடுவது என் பொறுப்பு. அமெரிக்காவில் எண்ணெய் உற்பத்தி ஏறுமா இறங்குமா என்பது எனக்கு அரட்டைக்கான விஷயம் இல்லை. லாரிகளுக்குத் தவணை கட்ட வேண்டும்.

இதற்கென்று காசு வாங்கிக்கொண்டு கணிப்பு விற்கும் நிறுவனங்கள் உண்டு. சந்தா விலையைப் பார்த்த முதலாளி, "இந்தக் காசுக்கு இன்னொரு லாரியே வாங்கலாமே" என்றார். அதனால் 2019-இல் இருந்து நான் நம்பியிருப்பது அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பதை: எரிசக்தித் தகவல் நிர்வாகம், அதாவது ஈஐஏ, மாதாமாதம் வெளியிடும் குறுகிய காலக் கணிப்பு. இங்கே எல்லோரும் அதைச் செல்லமாக 'ஸ்டீயோ' என்பார்கள். நடப்பு வருடத்துக்கும் அடுத்த வருடத்துக்கும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் எண் இருக்கும். ஜனவரி இதழில் இன்னொரு வருடம் சேரும். பதிவுக் கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது. எக்செல் கோப்பாகவே இறக்கிக்கொள்ளலாம்.

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். 1977-இல் இந்த அமைப்பை உண்டாக்கிய சட்டமே, இவர்கள் எண்களை வெளியிட வேறு எந்த அதிகாரியின் ஒப்புதலும் தேவையில்லை என்கிறது. எண்ணெய் விற்பவன் சொல்லும் கணிப்பில் எண்ணெய் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதில் முதல் போடச் சொல்பவன் சொல்வது அதற்கும் மேலே. இவர்களுக்கு விற்க ஒன்றும் இல்லை. பழைய இதழ்களையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். போன வருடம் என்ன சொன்னார்கள், என்ன நடந்தது என்று யார் வேண்டுமானாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நீண்ட காலக் கணிப்புக்கு இன்னும் ஒரு படி மேலே போய், தாங்கள் எங்கே எவ்வளவு தவறினோம் என்று தாங்களே ஒரு அறிக்கை எழுதி வெளியிடுகிறார்கள். எந்த ஜோசியர் அதைச் செய்வார்?

இனி 2020 கதை. அந்த ஜனவரி இதழில், அமெரிக்கக் கச்சா எண்ணெய் உற்பத்தி அந்த ஆண்டு சராசரியாக நாளுக்கு 13.3 மில்லியன் பீப்பாய் இருக்கும் என்று போட்டிருந்தது. அந்த ஒரு எண்ணை எடுத்து என் பட்ஜெட்டில் ஒட்டினேன். கூடுதலாக ஐந்து லாரிக்கு ஒப்பந்தமும் போட்டோம். அப்புறம் கொரோனா. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. மே மாதம் உற்பத்தி 9.7 மில்லியனுக்கு விழுந்தது. ஆண்டுச் சராசரி 11.3. ஐந்து லாரியும் யார்டில் வரிசையாக நின்று புழுதி குடித்தன. நான் தினமும் அவற்றைத் தாண்டித்தான் ஆபீசுக்குள் போக வேண்டும்.

அதற்காக ஈஐஏ மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிறகு நிதானமாக அதே ஜனவரி இதழைத் திரும்ப எடுத்துப் படித்தேன். 13.3 என்ற எண்ணுக்கு அடியில், உலகச் சந்தைக்கு அளவுகோலாக இருக்கும் பிரெண்ட் எண்ணெய் விலை பீப்பாய்க்கு 65 டாலர் இருக்கும் என்ற அனுமானம் இருந்தது. அந்த வருடம் பிரெண்ட் நின்றது 42 டாலர் பக்கத்தில். அவர்கள் சொன்னது "விலை இப்படி இருந்தால் உற்பத்தி இப்படி இருக்கும்" என்பதை. முன்பாதியை நான் படிக்கவே இல்லை. பஞ்சாங்கத்தில் மழை என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சாமல் இருந்தவன் கதைதான்.

அதிலிருந்து நான் படிக்கும் வரிசை மாறிவிட்டது. கோப்பு வந்ததும் முதலில் விலை அட்டவணை. அடுத்து, விலைக்குச் சுற்றி அவர்கள் வரையும் அகலமான பட்டை: பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்க, விற்க உரிமை விலைபோகும் ஆப்ஷன் சந்தையை வைத்து, 95 சதவீத நம்பிக்கையோடு விலை எங்கிருந்து எங்கே வரை போகலாம் என்று காட்டும் படம். முதல்முறை பார்ப்பவர்கள், "இவ்வளவு அகலமாகப் போட்டால் நானே கணிப்பேனே" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். இப்போது மொத்த இதழிலும் எனக்குப் பிடித்த படம் அதுதான். உற்பத்தி எண்ணைக் கடைசியில்தான் பார்க்கிறேன். விலை மாறினால் அது உற்பத்தியில் தெரிய சுமார் ஆறு மாதம் ஆகும் என்று அவர்களே பலமுறை எழுதியிருக்கிறார்கள். களத்திலும் அப்படித்தான். விலை விழுந்த மறுநாள் யாரும் ரிக்கை, அதாவது துளைக்கும் எந்திரத்தை, நிறுத்துவதில்லை. ஏற்கெனவே துளைத்துவிட்டுத் திறக்காமல் வைத்திருக்கும் கிணறுகளை, நாங்கள் 'டக்' என்று சொல்வோம், அவற்றைத் திறந்து கொஞ்ச நாள் ஓட்டுவார்கள். இங்கே துளைக்கும் ஷேல் பாறைக் கிணறு முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் வற்றிவிடும். புதிதாகத் துளைக்காவிட்டால் அப்புறம்தான் பள்ளம் தெரியும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2025 ஜனவரி இதழ் அந்த ஆண்டுக்குப் பிரெண்ட் 74 டாலர், உற்பத்தி 13.5 மில்லியன் என்றது. விலை அதைவிடக் கீழே போனது, ரிக்குகள் குறைந்தன, ஆனாலும் உற்பத்தி 13.6 மில்லியனை ஒட்டி நின்றது. பக்கவாட்டில் இரண்டு மைல், மூன்று மைல் என்று துளைக்கிறார்கள். முன்பு இரண்டு ரிக் செய்ததை இப்போது ஒன்று செய்கிறது. விலையைப் பார்த்து லாரியைக் குறைத்திருந்தால் அந்த வருடமும் நான் முகத்தில் கரி பூசிக்கொண்டிருப்பேன். ஆக, விலைக்குப் பக்கத்தில் ஒரு ரிக் எத்தனை பீப்பாய் தருகிறது என்பதையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கென்று தனியாக வந்துகொண்டிருந்த மாத அறிக்கையை 2024-இல் நிறுத்தி, அந்த எண்களை ஸ்டீயோவுக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். பழைய அறிக்கையில் படுகைக்கு ஒரு பக்கம், ஒரே பார்வையில் முடிந்துவிடும். எனக்கு அதுதான் வசதி.

புதன்கிழமை காலை, எங்கள் நேரத்துக்கு 9:30 மணிக்கு, ஈஐஏவின் வாராந்திர எண் வரும். தொலைக்காட்சியில் ஓடுவது இதுதான். வாராந்திர உற்பத்தி எண் பெரும்பாலும் மதிப்பீடு என்பதை ஓடவிடுகிறவர்கள் சொல்வதில்லை. கம்பெனிகளிடம் கேட்டு வாங்கிய உண்மையான மாத எண் வர இரண்டு மாதம் ஆகும். லாரி வாங்குகிறவர் அதற்காகக் காத்திருப்பது நல்லது.

எரிவாயு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் குறை உண்டு. நாட்டு அளவில் படம் தெளிவு: 2024-இல் நாளுக்குச் சுமார் 103 பில்லியன் கன அடி. நாட்டுக்கே அளவுகோலான ஹென்றி ஹப் மையத்தில் விலை 2.2 டாலர் பக்கத்தில் கிடந்ததால் உற்பத்தியாளர்களே வேண்டுமென்று கிணறுகளை அடக்கி வைத்த வருடம் அது. ஆனால் பெர்மியனில் கதை வேறு. இங்கே எரிவாயுவுக்காக யாரும் துளைப்பதில்லை, எண்ணெயோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. கொண்டுபோகக் குழாய் போதாதபோது, "எடுத்துக்கொண்டு போ, நான் காசும் தருகிறேன்" என்கிற நிலை. மேற்கு டெக்சஸின் வாஹா மையத்தில் 2024-இல் பல நாட்கள் விலை பூஜ்யத்துக்குக் கீழேதான் இருந்தது. நாளுக்கு 2.5 பில்லியன் கன அடி கொண்டுபோகும் மேட்டர்ஹார்ன் குழாய் அந்த இலையுதிர் காலத்தில் ஓடத் தொடங்கியதும்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. ஹென்றி ஹப் இருப்பது லூசியானாவில். ஸ்டீயோவின் தலைப்பில் நிற்கும் அந்த விலையை வைத்து எங்கள் ஊரைப் புரிந்துகொள்ளப் பார்த்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. வியாழக்கிழமை வரும் எரிவாயு வாராந்திரக் குறிப்பில் வாஹா பற்றி எழுதுவார்கள், அதையும் சேர்த்துப் படியுங்கள்.

நீண்ட காலக் கணிப்பையும் ஒரு கை பார்த்தேன். 2024-இல் அது வரவே இல்லை, கணினி மாதிரியைப் புதுப்பிக்கிறோம் என்று ஒரு வருடம் விட்டுவிட்டார்கள். 2025 ஏப்ரலில் வந்த இதழின் அடிப்படைக் கணக்குப்படி எண்ணெய் உற்பத்தி 2027-இல் 14 மில்லியனைத் தொடும், பத்தாண்டு முடியும்வரை அங்கே நிற்கும், பிறகு இறங்கும். இதுவும் 2024 டிசம்பரில் இருந்த சட்டங்கள் அப்படியே தொடரும் என்று வைத்துப் போட்ட கணக்குதான். 2050 வரை எனக்கு லாரி வாங்கும் உத்தேசம் இல்லை, அதனால் அதோடு மூடிவிட்டேன். நீண்ட காலக் கணிப்பு எப்படித் தலைகீழாகும் என்பதற்கு ஒரு உதாரணம்: லூசியானாவின் சபைன் பாஸ் திரவ எரிவாயு முனையம் 2008-இல் திறந்தது, வெளிநாட்டு எரிவாயுவை இறக்குமதி செய்வதற்கு. அப்போது எல்லோர் கணிப்பும் அதுதான். 2016 பிப்ரவரியில் அதே முனையத்தில் இருந்து ஏற்றுமதிக் கப்பல் கிளம்பியது. 2023-இல் உலகிலேயே அதிகம் திரவ எரிவாயு ஏற்றுமதி செய்த நாடு அமெரிக்கா.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது வாஹாவுக்காகவும் அந்தப் பழைய ஒரு பக்க அறிக்கைக்காகவும்.

அடுத்த ஸ்டீயோ செவ்வாய்க்கிழமை வருகிறது. முதலாளி வழக்கம்போல வாசலில் நின்று "எத்தனை?" என்பார். நான் விலையில் இருந்து ஆரம்பிப்பேன், அவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.