ஏற்காட்டில் பழைய வீட்டைப் புதுப்பிக்க ஆள் தேடுகிறீர்களா? 3,85,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தவள் எழுதுகிறேன்

நேற்று ராத்திரி மலையில் ஒரு மணி நேரம் நல்ல மழை. காலையில் கீழ் அறையைத் திறந்தால் தரை முழுக்க ஈரம், மூலையில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. ரெண்டு மாதத்துக்கு முன் ஒட்டிய பிவிசி பேனல், அதாவது பிளாஸ்டிக் பலகை, சுவரை விட்டு வயிறு தள்ளி நிற்கிறது. மேலே அம்மாவின் பாத்ரூம் தண்ணீர் கூரை வழியாக இறங்கி, புது லைட்டின் ஓட்டையிலிருந்து சொட்டுகிறது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். இதற்கு நான் கொடுத்தது 3,85,000 ரூபாய். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன், அவர்கள் காத்திருப்பதும் அதற்குத்தான்.

வேலை எடுத்தவர்களின் பெயரைப் போடவில்லை. "கேஸ் போடற வரைக்கும் பெயரை எழுதாதே" என்று வக்கீலாக இருக்கும் அத்தை பையன் சொல்லிவிட்டான். வீட்டைப் பழுதுபார்க்க, புதுப்பிக்க ஆள் அனுப்பும் ஒரு செயலி. சேலத்தில் மாடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஆபீசும் இருக்கிறது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

வீடு தாத்தா கட்டியது. சரிவில் நிற்கும் வீடு என்பதால் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரே தளம்தான் தெரியும், பின்பக்கம் படியிறங்கினால் கீழே இன்னொரு அறை. அதன் ரோட்டுப் பக்கச் சுவர் முழுக்க மண்ணை அணைத்து நிற்கிறது. அந்தக் காலத்தில் விறகும் தட்டுமுட்டுச் சாமானும் கிடந்த அறை. அதை ஆள் படுக்கிற மாதிரி ஆக்க வேண்டும், மேலே ரெண்டு பாத்ரூமையும் மாற்ற வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, குத்துக்கால் போட்டு உட்கார முடியவில்லை. வெஸ்டர்ன் டாய்லெட், சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

செயலியிலிருந்து அந்த சூப்பர்வைசர் வந்த நாளை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. தை மாதக் குளிரில் 20 கொண்டை ஊசி வளைவையும் பைக்கிலேயே ஏறி வந்திருந்தான். காதில் மஃப்ளர், விரலெல்லாம் விறைத்துப்போய். அம்மாவுக்குப் பாவமாகிவிட்டது, சுடச்சுடக் காப்பி கொடுத்தாள். செருப்பை வாசலிலேயே விட்டான். அப்பா படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டான். கீழ் அறைக்குப் போய்ச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "சுண்ணாம்புக் கட்டுங்க அக்கா. இதை இடிக்கச் சொல்றவன் மேஸ்திரியே கிடையாது" என்றான். எங்கள் அப்பா உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்ததும் இதே பேச்சுதான். அம்மாவிடம் திரும்பி, "எந்தக் கைம்மா உங்களுக்கு பலம்? அந்தப் பக்கமே கைப்பிடி வெச்சிடறேன்" என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்தேன். வேறு ரெண்டு பேரிடம் விலை கேட்டு வைத்திருந்தேன், அன்றைக்கே அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் செயலியில் கொட்டேஷன் வந்தது. "பாத்ரூம் 2 – 2,70,000. பேஸ்மென்ட் ஒர்க் – 1,90,000." மொத்தம் 4,60,000. இந்த "பேஸ்மென்ட் ஒர்க்" என்ற ரெண்டு வார்த்தையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டோக்கன் 10,000, பிறகு 1,75,000, ரெண்டும் செயலி வழியாகக் கட்டினேன். அதற்கப்புறம், "அக்கா, ஆப்புல போட்டா பணம் ரிலீஸ் ஆக ஒரு வாரம் ஆகுதுங்க. மலைக்கு வண்டி வாடகை, டைல்ஸ் கடை எல்லாம் ரொக்கம் கேக்கறாங்க" என்று அவன் நம்பருக்கே ஜிபே போடச் சொன்னான். 1,20,000. அப்புறம் 80,000. கூட்டிப் பாருங்கள், 3,85,000. ரெண்டு லட்சம் அவன் சொந்த நம்பருக்குப் போனது என் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

வேலை நடந்த லட்சணத்தைக் கேளுங்கள். முதல் நாளே ரெண்டு பாத்ரூமையும் ஒன்றாக உடைத்துப் போட்டார்கள். ஒன்றை முடித்துவிட்டு இன்னொன்றைத் தொட்டிருக்கலாம் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. உடைத்த பிறகு பன்னிரண்டு நாள் யாரும் வரவில்லை. எழுபத்து நாலு வயதுப் பொம்பளை பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போய் வந்தாள், பனியில், துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு.

வாட்டர்புரூஃபிங் என்று சாம்பல் நிறத்தில் எதையோ ஒரு கை பூசினார்கள். மறுநாளே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். இப்போது விசாரித்துத் தெரிந்துகொண்டது: ரெண்டு கோட்டாவது அடித்துக் காயவிட்டு, வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டி, ரெண்டு நாள் அப்படியே வைத்துக் கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகுதான் டைல்ஸைத் தொட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ரெண்டு நாளை மிச்சம் பிடித்தார்கள், அது இப்போது லைட்டு வழியாக இறங்குகிறது.

தரையின் வாட்டம் கதவுப் பக்கம். குளித்த தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் ஹாலுக்கு வருகிறது. வடிகால் வாயில் தண்ணீர் தேங்கி நிற்கும் கிண்ணம், நானி டிராப், அதை வைக்காமல் வெறும் பைப் மேல் ஜல்லடை மூடியைப் போட்டிருக்கிறான். டிராப்பில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுப்பது, அது இல்லையென்றால் செப்டிக் டேங்க் நேராக வீட்டுக்குள் மூச்சு விடும். கீசர் லைனுக்குச் சூடு தாங்கும் சிபிவிசி பைப் என்று எழுதிவிட்டுச் சாதாரண வெள்ளைப் பிவிசியைச் சுவருக்குள் புதைத்திருக்கிறான். சுடுதண்ணீருக்கு அது தாங்காது. டைல்ஸ் இடுக்கை அடைக்க எபாக்ஸி பசை என்று எழுதிய இடத்தில் வெள்ளை சிமென்ட்.

கைப்பிடி. அம்மாவின் பலமான கைப் பக்கம்தான் வைத்திருந்தான், அதில் பொய் இல்லை. அவளைக் கூட்டிப்போகும் முன் நான் ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். டைல்ஸ் துண்டோடு கையில் வந்துவிட்டது. அதை வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது.

இனி அந்த ரெண்டு வார்த்தை. கீழ் அறை ஈரத்தைப் பற்றிக் கேட்டதற்கு ஆபீசில் சொன்னார்கள்: "மேடம், கொட்டேஷன்ல பேஸ்மென்ட் ஒர்க்னு இருக்கு. அது முடிஞ்சிடுச்சு." எது முடிந்தது? வீட்டைச் சுற்றி வெளியே, வீட்டுத் தரைக்குக் கீழ் தெரியும் அடிக்கட்டுக்கு சிமென்ட் பூசி வெள்ளை அடித்திருந்தார்கள். நம்மூர் மேஸ்திரிகள் பேஸ்மென்ட் என்று சொல்வது அஸ்திவாரத்துக்கு மேல் வீட்டுத் தரை வரை எழுப்புகிற இந்த அடிக்கட்டைத்தான். நான் நினைத்தது கீழ் அறையை. அவனுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று நன்றாகத் தெரியும், அந்த அறைக்குள் நின்றுதானே சுவரைத் தட்டினான்? அப்படியானால் பேனல் எதற்கு என்று கேட்டேன். "அது காம்ப்ளிமென்டரி மேடம்." 1,90,000 ரூபாய்க்கு ஒரு பூச்சு, இனாமாக ஒரு பிளாஸ்டிக் பலகை!

பணம் போகப் போக "அக்கா" எப்படி "மேடம்" ஆனது என்பதையும் கவனியுங்கள். கடைசி 80,000 போன பிறகு அந்த மேடமும் இல்லை. முதலில் "சித்தப்பா தவறிட்டாருங்க, காரியம் முடிச்சிட்டு வந்துடறேன்". அப்புறம் "டைல்ஸ்காரன் ஊருக்குப் போயிட்டான்". அப்புறம் "மழை விடட்டும்". மழை வந்தால் ஒழுகுகிறது என்று சொல்ல போன் பண்ணினவளிடம் மழை விடட்டும் என்கிறான். இப்போது ரிங் போகிறது, எடுப்பதில்லை.

செயலியின் கஸ்டமர் கேர் இன்னும் அழகு. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு டிக்கெட் போடுவார்கள், மூன்றாம் நாள் "தீர்க்கப்பட்டது" என்று அவர்களே மூடுவார்கள். நாலு முறை ஆயிற்று. ஐந்தாம் முறை பேசிய பெண், "அவர் எங்க ஸ்டாஃப் இல்லைங்க, பார்ட்னர். எங்க ரெக்கார்டுல 1,85,000தான் இருக்கு" என்றாள். பஸ் பிடித்து சேலம் ஆபீசுக்கே போனேன். தண்ணீர் கொடுத்தார்கள், ஏசி போட்டார்கள், மேனேஜர் சைட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். ரெண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆள் டிபன் பாக்ஸ் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் மேனேஜர் என்று கீழே டீக்கடைக்காரர் சொல்லித் தெரிந்தது. திரும்ப ஏறிப்போனேன், கதவு பூட்டியிருந்தது.

போன வாரம் அடிவாரத்திலிருந்து ஒரு பழைய மேஸ்திரியைக் கூட்டி வந்தேன். பேனல் இடுக்கில் ஒரு விரலை விட்டுப் பார்த்தார், கறுப்பாகப் பூஞ்சை ஒட்டிக்கொண்டு வந்தது. "மண்ணுல இருந்து வர்ற தண்ணிக்கு வெளியே வழி விடணும் கண்ணு. ரோட்டோரமா பள்ளம் எடுத்து ஜல்லி கொட்டி, ஓட்டை போட்ட பைப் பதிச்சு சரிவுல இறக்கி விட்டிருக்கணும். சுண்ணாம்புச் சுவரு மூச்சு விட்டுக் காயும். நீங்க அதும்மேல பிளாஸ்டிக்கைப் போத்தி வெச்சிருக்கீங்க" என்றார். போத்தியது நானா? 3,85,000 கொடுத்தது நான், அது உண்மை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விலாவாரியாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், கை நடுங்குகிறது. தோன்றுவதைச் சொல்கிறேன். செயலிக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கொட்டேஷனில் எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, எந்த பைப் என்று தமிழிலேயே எழுதி வாங்குங்கள். தண்ணீர் கட்டிப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள். சுவரை மூடுவதற்கு முன் பைப்பைப் போட்டோ எடுங்கள். கைப்பிடியை முதலில் நீங்கள் இழுத்துப் பாருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாதாம், ரெண்டு வருஷத்துக்குள் போட வேண்டுமாம், அத்தை பையன் சொன்னது. 3,85,000க்கு அதுவாவது இலவசம்.

மேஸ்திரி வந்துவிட்டார், பேனலைக் கழற்ற வேண்டும். அம்மா இன்னும் பக்கத்து வீட்டிலிருந்து குளித்துவிட்டு வரவில்லை.