பழைய 3 இன்ச் பெட்ரோல் பம்பு: எஞ்சினைத் திட்டும் முன் குழாயைப் பாருங்கள்

சித்திரையில் ஊரணி வற்றி, தூர் வாரும் பேச்சு எழும்போதுதான் செட்டிநாட்டுப் பக்கம் பழைய பெட்ரோல் பம்புகள் கொட்டகையை விட்டு வெளியே வரும். கைமாறுவதும் அப்போதுதான். அப்படி அதிகம் கைமாறும் ரகம் ஹோண்டா ஜிஎக்ஸ் 160 எஞ்சின் பூட்டிய 3 இன்ச் பம்பு. 163 சிசி, நாலு ஸ்ட்ரோக். புதிதில் நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டர் வரை தள்ளும். பத்து வருஷம் ஓடியதாக இருந்தாலும் வாங்கலாம். விற்பவர் கயிற்றை இழுத்து எஞ்சினை முழக்கிக் காட்டுவதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பம்பின் உறையில் தண்ணீர் ஊற்றாமல் முழக்கிக் காட்டினால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். உள்ளே ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கும் வாட்டர் சீலுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. வெறுமனே ஓடினால் சில நிமிடங்களில் அது விரிசல் விட்டுவிடும்.

கிணற்றுக்கோ ஊரணிக்கோ கொண்டுபோய்த்தான் சோதிக்க வேண்டும். 200 லிட்டர் டிரம் ஒன்று போதும். தண்ணீர்மட்டம் பம்பிலிருந்து 3 மீட்டர் கீழே, டெலிவரி ஹோஸ் குட்டையாக, த்ராட்டில் முழுக்க: டிரம் 20 நொடிக்குள் நிரம்பினால் நல்ல பம்பு. 30 நொடி தாண்டினால் ஒன்று காற்று இழுக்கிறது, இல்லையென்றால் தண்ணீரைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. முதலாவதற்குச் செலவு ஒரு வாஷர். இரண்டாவதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

"தண்ணி எடுக்க மாட்டேங்குது" என்று ஓரங்கட்டிய பம்புகளில் பாதிக்கு மேல் காற்றுக் கோளாறுதான். உறையை வாய்வரை நிரப்பி ஓட்டியும் மூன்று நாலு நிமிடத்தில் தண்ணீர் ஏறவில்லையென்றால், உறிஞ்சும் பக்கத்து இணைப்புகள் ஒவ்வொன்றின் மீதும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எந்த இடத்தில் ஊற்றியதும் எஞ்சின் சத்தம் கனக்கிறதோ ஓட்டை அங்கேதான். பெரும்பாலும் கப்ளிங் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். அல்லது கிளிப் ஒன்றுதான் போட்டிருப்பார்கள். 3 இன்ச் ஹோஸுக்கு இரண்டு கிளிப், திருகு எதிரெதிர்ப் பக்கம் இருக்கும்படி. கனமான ரிப் ஹோஸ்தான் உறிஞ்சத் தாங்கும். டெலிவரிக்கு வைத்திருக்கும் தட்டை ஹோஸை இந்தப் பக்கம் மாட்டினால் உறிஞ்சும்போது ஒட்டிக்கொள்ளும்.

ஹோஸ் போகிற பாதையையும் கவனிக்க வேண்டும். தண்ணீரிலிருந்து பம்புவரை ஏற்றமாகவே வர வேண்டும். ஊரணியின் செம்புறாங்கல் படிக்கட்டு மேல் ஏறி மறுபடி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். பம்பைப் படியில் இறக்கி வைப்பது ஒரு வேலைதான், ஆனால் அதற்கு ஈடு வேறில்லை. 7 மீட்டருக்கு மேல் எந்தப் பம்பாலும் சரியாக உறிஞ்ச முடியாது. 5 மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. சல்லடைத் தலை நீர்மட்டத்துக்கு ஒரு அடியாவது கீழே இருக்கட்டும், இல்லையென்றால் சுழல் விழுந்து காற்றை உள்ளே இழுக்கும். தரையிலும் படக் கூடாது. ஓலைக் கூடைக்குள் வைத்து, லாரி டியூபில் கட்டித் தொங்கவிடுவது நல்ல வழி.

பம்பை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் உறை காலியாகிறதா? உறிஞ்சும் வாயில் தொங்கும் ரப்பர் மடல் விறைத்துவிட்டது, அல்லது அதன் கீழ் ஒரு செம்புறாங்கல் சில்லு சிக்கியிருக்கிறது. நாலு போல்ட்டைக் கழற்றித் துடைத்தாலே பலமுறை சரியாகும்.

அடுத்தது சீல். பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே அடியில் சொட்டினால் சீல் போய்விட்டது. இதைச் சும்மா விட்டால் தண்ணீர் கிராங்க் ஆயில் சீலைத் தாண்டி உள்ளே போகும். ஆயில் மோர் போல வெளுக்கும். வாங்கும்போது ஆயில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். மாற்றுவது கடினமில்லை. உறையையும், உள்ளே நத்தைக் கூடு போல இருக்கும் வால்யூட்டையும் எடுத்ததும் இம்பெல்லர் தெரியும். அது ஷாஃப்டில் மரைபோட்டு ஏறியிருக்கும், இடஞ்சுழியாகத் திருப்பினால் வரும். எஞ்சின் சேர்ந்து சுற்றாமலிருக்க ப்ளக்கைக் கழற்றி, பிஸ்டன் கீழே இருக்கும்போது அந்த ஓட்டை வழியாகப் பருத்திக் கயிறு ஒன்றை உள்ளே திணித்து, கயிற்றின் முனையை வெளியே விட்டு வையுங்கள். பிஸ்டன் அதில் முட்டி நிற்கும். இம்பெல்லர் இறக்கையில் மரக்கட்டை வைத்து ஒரு தட்டு தட்டினால் போதும். இரும்புச் சுத்தியல் வேண்டாம், வார்ப்பிரும்பு உடையும். பின்னால் ஷிம் என்கிற மெல்லிய வளையம் இருந்தால் இருந்தபடியே திருப்பிப் போடுங்கள். புதுச் சீலின் கார்பன் முகத்தையும் செராமிக் முகத்தையும் விரலால் தொடக் கூடாது. ரப்பருக்கு கிரீஸ் பூசாமல் சோப்புத் தண்ணீர் தடவி அழுத்துங்கள். சீலும் ப்ளக்கும் காரைக்குடியிலேயே கிடைக்கும்.

எஞ்சினில் வருகிற தொல்லை பெரும்பாலும் பெட்ரோல் பழசாவதுதான். இந்த எஞ்சினுக்கு எத்தனால் 10 சதவீதம்வரை என்பது கணக்கு, பெட்ரோல் பங்கில் இப்போது ஊற்றுவதோ 20 சதவீதம் கலந்தது. மழைக்காலம் முழுக்க டேங்கில் விட்டு வைத்தால் கார்புரேட்டர் அடியில் பச்சையாகப் படியும். எஞ்சின் ஒரே சீராக ஓடாமல் ஏறி இறங்கி மூச்சு வாங்கினால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் பாதி அடைத்திருக்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் 10 எம்எம் போல்ட்டைத் தளர்த்தி வடியுங்கள். தீரவில்லையென்றால் கிண்ணத்தைக் கழற்றி ஜெட்டை ஒற்றைச் செம்புக் கம்பி இழையால் குத்துங்கள். ஊசியால் குத்தினால் ஓட்டை பெரிதாகி வேறு தொல்லை. வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட்டால் இதெல்லாம் வராது. ப்ளக் பிபிஆர்6இஎஸ், இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள், அளவு மாடலுக்கு மாடல் மாறும்.

ஸ்பார்க்கே வரவில்லை என்று காயிலை மாற்றும் முன் பம்பு சரிவில் நிற்கிறதா பாருங்கள். சில மாடல்களில் ஆயில் குறைந்தால் எஞ்சினை நிறுத்தும் மிதவை உண்டு. கரைச் சரிவில் சாய்ந்தாலும் அது நிறுத்திவிடும். சமதளத்தில் வைத்து, 600 மில்லி ஆயில் சரியாக இருக்கிறதா பார்த்த பிறகும் ஸ்பார்க் இல்லையென்றால் அந்த மிதவையின் மஞ்சள் ஒயரைக் கழற்றிச் சோதிக்கலாம். சோதிக்க மட்டும். அப்படியே விட்டு ஓட்டினால் எஞ்சினுக்குக் காவல் இல்லை.

சகதிக்கு இது சரிவருமா என்று கேட்பார்கள். வராது. அமெரிக்க ஆறுகளில் பொன் மணல் உறிஞ்சுகிறவர்கள் மிதவையில் ஏற்றுவதும் இதே எஞ்சின் பூட்டிய பம்பைத்தான், ஆனால் அங்கே மணல் பம்புக்குள் நுழைவதே இல்லை. பம்பு தெளிந்த தண்ணீரை அழுத்தத்தோடு ஒரு ஜெட்டுக்குத் தள்ளுகிறது, அந்த வேகம் பக்கத்துக் குழாயில் மணலையும் கூழாங்கல்லையும் இழுத்துவிடுகிறது. நம் வீட்டு ஜெட் பம்பின் இரட்டைக் குழாய்க் கணக்கேதான். கிணற்றடி மணலை எடுக்க வேண்டுமானால் ஜெட் ஒன்று செய்துகொள்ளுங்கள். வண்டல் கரைந்த தண்ணீரை நேரே உறிஞ்ச வைத்தால் ஒரு கோடைக்குள் வால்யூட்டின் நாக்கு தேய்ந்து, சத்தம் இருக்கும், தண்ணீர் இருக்காது.

அலுமினிய உறையில் வெல்டிங் தெரிந்தால் பம்புக்கு விலை போடாதீர்கள். எஞ்சினுக்கு மட்டும் போடுங்கள், அதற்கும் முன்னால் கயிற்றுக் கவரைக் கழற்றி ஃப்ளைவீலை அது ஓடும் திசைக்கு எதிராகக் கையால் சுற்றிப் பாருங்கள். கயிறு எளிதாக இழுபட அழுத்தத்தைக் கசியவிடும் டீகம்ப்ரஷர் அந்தத் திசையில் வேலை செய்யாது, உண்மையான அழுத்தம் கையில் தெரியும்.