அடகுக்கடை சர்வருக்கு எந்தப் பூட்டு: லக்ஸா, வெராகிரிப்டா?

காரைக்குடியில் சொந்தக்காரர் ஒருவரின் நகை அடகுக்கடை சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளரின் ஆதார் நகல், போன் நம்பர், என்ன நகை, எத்தனை கிராம், எவ்வளவு கடன் எல்லாம் அதில்தான். யார் வீட்டு வளையல் எங்கே இருக்கிறது என்பது பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியக் கூடாத விஷயம். போதாததற்கு 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதனால் டிஸ்கை என்கிரிப்ட் செய்ய, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்ட, முடிவானது. அதற்கான மென்பொருள்களில் லக்ஸ் (LUKS, லினக்ஸுக்கானது), வெராகிரிப்ட் (VeraCrypt) இரண்டுமே காசில்லாமல் கிடைப்பவை, மூல நிரல் திறந்தே இருப்பவை. நான் போட்டது லக்ஸ்.

பூட்டின் வலுவில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் ஏஇஎஸ் 256 என்ற வலுவான என்கிரிப்ஷன் முறை உண்டு. இப்போதைய பிராசஸர்களில் வேகமும் பிரச்சினை இல்லை. 2014இல் நின்றுபோன ட்ரூகிரிப்ட்டின் வாரிசு வெராகிரிப்ட். 2016இல் வெளியாள் வைத்துத் தணிக்கையும் நடந்தது. லக்ஸுக்கு அடியில் இருந்து என்கிரிப்ட் செய்யும் டிஎம்-கிரிப்ட், 2004 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது.

என் முடிவைத் தீர்மானித்தது கரன்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்காது. கரன்ட் வந்து சர்வர் எழும்போது டிஸ்கை யார் திறப்பது?

நம் சர்வர் ஓடும் லினக்ஸில் வெராகிரிப்ட்டால் சிஸ்டம் டிஸ்கை என்கிரிப்ட் செய்ய முடியாது. தரவு டிஸ்கை மட்டும் பூட்டலாம். ஒவ்வொரு முறையும் ஒருவர் வந்து பாஸ்வேர்டு அடிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதித் தானாகத் திறக்க வைக்கலாம்தான். ஆனால் பாஸ்வேர்டு அதே சர்வரில் ஒரு ஃபைலில் கிடக்கும். அப்புறம் பூட்டு எதற்கு?

லக்ஸில் இதற்குக் கிளெவிஸ், டாங் என்று ஒரு ஜோடி இருக்கிறது. டாங் என்பது லோக்கல் நெட்வொர்க்கில் வேறொரு கணினியில் ஓடும் சின்ன நிரல். கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டின் இரண்டாங்கட்டில் ராஸ்பெரி பை என்ற கையகலக் கணினியில் ஓடவிட்டிருக்கிறேன். சர்வர் எழுந்ததும் கிளெவிஸ் அதோடு பேசி டிஸ்கைத் திறந்துகொள்ளும். டிஸ்கின் சாவி டாங்கில் இருப்பதில்லை, நெட்வொர்க்கில் போவதும் இல்லை. சர்வரை மட்டும் தூக்கிக்கொண்டு போனவனுக்கு ஒன்றும் கிடைக்காது. இரண்டையும் சேர்த்துத் தூக்கினால் அம்பேல். அதனால்தான் அதைக் கடைக்குள் வைக்கவில்லை. டாங் கிடைக்காத நாளில் பாஸ்வேர்டு அடித்தும் திறக்கலாம்.

லக்ஸ் 2இல் ஒரே டிஸ்குக்கு 32 சாவி வரை வைக்கலாம். பொது வீட்டில் பங்காளிகள் ஆளுக்கொரு சாவி வைத்திருப்பது மாதிரி: முதலாளிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, டாங் வழியாகத் திறக்க ஒன்று. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் சாவியை மட்டும் நீக்கலாம். (சாவிகள் பதிந்திருக்கும் டிஸ்கின் தொடக்கப் பகுதிக்கு ஹெடர் என்று பெயர். பழைய ஹெடரை அவர் நகலெடுத்து வைத்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் முழு டிஸ்கையும் மறுபடி என்கிரிப்ட் செய்வதுதான் வழி.) வெராகிரிப்ட்டில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு, மாற்றினால் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தில் வெராகிரிப்ட்டுக்குத்தான் மார்க். ஹெடரின் மாற்றுப் பிரதியை டிஸ்கின் கடைசியில் அதுவே வைத்துக்கொள்கிறது. லக்ஸில் சாவிகள் இருக்கும் பகுதி கெட்டால் தரவு போனதுதான். ஹெடரை பேக்கப் எடுத்து வெளியே வைப்பது நம் பொறுப்பு. சாவியைச் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் புதிதாக எடுத்துப் பழையதை அழிக்க வேண்டும்.

வெராகிரிப்ட்டை நான் ஒதுக்கிவிடவில்லை. தேவகோட்டை ஆடிட்டர் விண்டோஸ்காரர். அவருக்குப் போகும் பென் டிரைவில் அதுதான். கிளவுடுக்குப் போகும் ஸ்கேன் நகல்களுக்கு, ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாக என்கிரிப்ட் செய்யும் கோகிரிப்ட்எஃப்எஸ் போட்டிருக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது. டேட்டாபேஸை அதில் ஓட்டிப் பார்த்ததில்லை, சிபாரிசும் செய்ய மாட்டேன்.

எதைப் போட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் திறந்த வீடுதான். ஃபைல்களை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இரண்டுமே தடுக்காது. காப்பாற்றுவது திருட்டுப் போன டிஸ்கையும் பழுதான டிஸ்கையும்தான். வாரண்டியில் மாற்றக் கொடுக்கும் டிஸ்க் பெரும்பாலும் அழிக்கக்கூட முடியாத நிலையில்தான் இருக்கும். இப்போது அதை அப்படியே பார்சல் கட்டி அனுப்பிவிடலாம்.