எம்.எஸ். தூர்தர்ஷன் கச்சேரி: வீட்டு கேசட்டா, யூடியூபா?

காரைக்குடிப் பக்கத்து வளவு வீட்டு பீரோவில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் தூர்தர்ஷன் கச்சேரி பதிந்த வி.எச்.எஸ். வீடியோ கேசட் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யூடியூபில் பார்ப்பது சுலபம்தான். ஆனால் சிலர் பழைய டிவிக்கான 4:3 படத்தை அகலத்திரைக்கான 16:9-க்கு இழுத்து ஆளையே அகலமாக்கிவிடுகிறார்கள். அதைவிடக் கொடுமை, இரைச்சல் நீக்குகிறேன் என்று தம்புராவையும் சேர்த்துத் துடைப்பது. தம்புராவில் விடாமல் ஒலிக்கும் சுருதியை மென்பொருள் இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். கேசட்டில் 'உஸ்' சத்தம் இருக்கும், தம்புராவும் இருக்கும். மேல் சட்ஜத்தில் (மேல் 'ஸ'வில்) குரல் சுருதியோடு ஒட்டி நிற்பதைக் கேட்க தம்புராதான் வேண்டும்.

போடுமுன் கேசட்டின் கண்ணாடி வழியே நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடக்கூடாது. நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்த கேசட்டுக்கும் பரவும். கணினியில் ஏற்றும்போது நொடிக்கு 50 ஃபிரேமாக டீஇன்டர்லேஸ் செய்யுங்கள், அதாவது வரி விட்டு வரியாகப் பதிந்த படத்தை முழுப் படமாக்குங்கள். 25 என்றால் வயலின் வில் வெட்டி வெட்டி நகரும்.